மனநலப் பணியாளர் திட்டமிடலில் மொழியின் இடம்

2017ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் ஆங்கில மூலத்தில் ஒரு தமிழ்த் தொடர் உரோமன் எழுத்தில் இடம்பெற்றுள்ளது. மனநலத் தொழில்முறையாளர் எனப்படுவோர் யாவர் என்று வரையறுக்கும் பகுதியில், சித்த மருத்துவத்தில் ‘சிறப்பு மருத்துவம்’ என்னும் பிரிவில் முதுநிலைப் பட்டம் பெற்றவரும் அவருள் அடங்குவர் என்று கூறப்படுகின்றது. ஆயுர்வேதப் பட்டத்தின் வடமொழிப் பெயரும் யுனானிப் பட்டத்தின் அரபுவழிப் பெயரும் அவ்வாறே மொழிபெயர்க்கப்படாமல் அதே வரியில் நிற்கின்றன. சட்ட வரைவாளர் பணியாளரின் பட்டத்தை அதன் சொந்த மொழியிலேயே குறிக்க வேண்டும் என்று கருதினர். அப்பணியாளர் நோயாளியிடம் எம்மொழியில் பேசப் பயிற்றப்பட வேண்டும் என்னும் வினாவோ அவ்வரையறைக்கு வெளியே நின்றுவிட்டது.

விடுதலைக்குச் சற்று முன்னிருந்து இன்று வரை, இந்தியாவில் மனநலப் பணியாளர் தொகையைப் பெருக்குவதற்கு அரசு மேற்கொண்ட திட்டங்களின் வரலாற்றை மருத்துவ நிருவாகத் துறையினர் பலர் எழுதியுள்ளனர். அவ்வரலாற்றை மொழியியல் நோக்கில் மீண்டும் படிக்க முற்படுகின்றது இக்கட்டுரை. எலும்பு முறிவைக் காட்டக் கதிர்ப்படம் உண்டு. குருதிச் சோகையைக் காட்ட ஆய்வுக்கூடம் உண்டு. மனநோய் பெரும்பாலும் பேச்சின் வழியாகவே அறியப்படுகின்றது. மருத்துவத்தின் ஒரு பாதியும் பேச்சாகவே அமைகின்றது. ஆதலின் பணியாளரின் மொழியறிவு அவர்தம் பணித்திறனின் ஓர் உறுப்பு ஆகும். எனினும் திட்டங்கள் தலைகளையும் பட்டங்களையும் எண்ணின. மொழியை நெடுங்காலம் எண்ணவில்லை.

படுக்கைக் கணக்கு

1943இல் அமைக்கப்பெற்று 1946இல் அறிக்கை அளித்த போர் குழுவே இத்துறையில் திட்டமிடலின் தொடக்கம் எனலாம். அக்குழு கண்ட நிலை வருந்தத்தக்கது. நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 40 கோடி. மனநோய் மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகள் பத்தாயிரத்தைச் சற்றே கடந்தன. 40,000 பேருக்கு ஒரு படுக்கை என்பது இதன் பொருள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒரு படுக்கை இருந்தது. ஆயிரவருள் இருவருக்கு மருத்துவமனைச் சிகிச்சை தேவை என்று கொண்டாலும், எட்டு இலட்சம் பேருக்கு இடம் வேண்டும் என்று குழு கணக்கிட்டது. மையத்திலும் மாகாணங்களிலும் மனநல அமைப்புகளை நிறுவுதல், இருக்கும் மருத்துவமனைகளைச் சீர்செய்தல், புதியன கட்டுதல் ஆகியவற்றோடு பயிற்சி பற்றியும் அது பரிந்துரைத்தது. மருத்துவர்கள் இந்தியாவிலும் வெளிநாட்டிலும் பயிற்சி பெறவேண்டும். துணைப் பணியாளர் இந்தியாவிலேயே பயிற்சி பெறவேண்டும் என்பது அப்பரிந்துரையின் சாரம்.

‘துணைப் பணியாளர்’ என்னும் இத்தொகுப்புச் சொல் ஈண்டு நோக்கத்தக்கது. செவிலியர், சமூகப் பணியாளர் முதலானோர் இதனுள் அடங்குவர். நோயாளியின் அருகில் மிகுதியான நேரம் இருப்பவர்களும், அவர்தம் பேச்சை மிகுதியாகக் கேட்பவர்களும் இவர்களே. பேச்சை அளவுகோலாகக் கொண்டால் இவர்கள் தலைமைப் பணியாளர். பட்டத்தை அளவுகோலாகக் கொண்டமையால் துணைப் பணியாளர் ஆயினர். இந்த அடுக்குமுறை பின்வந்த சட்டச் சொற்களிலும் தொடர்ந்தது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தன் வரையறைப் பகுதியில் மனநல மருத்துவர் யார் என்று விளக்கியது. மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோர்க்கும் தனித்தனி வரையறை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்தது.

போர் குழு மருத்துவமனைகள் என்று குறித்தவை முன்னர் வேறு பெயர் தாங்கியவை. 1858ஆம் ஆண்டுச் சட்டமும் 1912ஆம் ஆண்டுச் சட்டமும் நோயாளியைப் பித்தர் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறித்தன. நிறுவனத்திற்கு வழங்கிய ஆங்கிலச் சொல்லுக்குப் புகலிடம் என்பதே மூலப்பொருள். தமிழ் வழக்கில் அது ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ ஆயிற்று. 1920களில் அரசு இவற்றுக்கு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாற்றியது. ஆயின் மக்கள் வழக்கு அரசாணைக்குக் கட்டுப்படுவதன்று. தமிழில் கீழ்ப்பாக்கம், மலையாளத்தில் குதிரவட்டமும் ஊளம்பாறையும், இந்தியில் ஆக்ராவும் ராஞ்சியும், மராத்தியில் ஏர்வாடா என்று ஊர்ப்பெயர்களே ஏளனச் சொற்களாயின. இடப்பெயர் நோய்ப்பெயர் ஆகும் இந்நிகழ்ச்சியை நம் மொழிகளின் பொதுப் பொருள்மாற்ற வகையாகத் தனியே ஆராயலாம். இங்கு வேண்டுவது அதன் விளைவே. எவ்வூரில் பணிபுரிகின்றோம் என்று சொல்வதற்கே ஒரு பணியாளர் தயங்கினால், அத்துறைக்கு இளைஞரை ஈர்ப்பது எளிதன்று.

பெங்களூரில் ஒரு நிறுவனம்

1954இல் மைசூர் அரசின் மனநோய் மருத்துவமனையோடு இணைந்து அகில இந்திய மனநல நிறுவனம் பெங்களூரில் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் எம். வி. கோவிந்தசாமி. மருத்துவர்க்கு உளமருத்துவப் பட்டயமும், மருத்துவர் அல்லாதார்க்கு மருத்துவ உளவியல் பட்டயமும், பின்னர்ச் செவிலியர்க்கு மனநலச் செவிலியப் பட்டயமும் அங்கு ஏற்பட்டன. 1974இல் இரு நிறுவனங்களும் ஒன்றாகி, இன்று நிம்ஹான்ஸ் என்று வழங்கும் நிறுவனம் உருவாயிற்று. மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகிய நால்வகைப் பணியாளரையும் ஓரிடத்தில் பயிற்றும் மரபு இதனால் வேரூன்றியது. இந்நாட்டு மனநலப் பணியாளர் வரலாற்றில் இதனினும் பெரிய முயற்சி வேறொன்று இல்லை என்றே கூறலாம்.

அகில இந்திய நிறுவனம் ஆதலின் மாணவர் பல மாநிலங்களிலிருந்து வந்தனர். பயிற்சி ஆங்கிலத்தில் நடந்தது. பெங்களூர் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளோ கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது ஆகியவற்றைப் பேசுவோர். வடக்கிலிருந்து வந்த மாணவர் ஒருவர் நோயாளியோடு எங்ஙனம் உரையாடுவார்? இந்திய மருத்துவமனைகளில் இன்றும் காணும் வழக்கமே விடையாகும். உடன் வந்த உறவினரோ, வார்டு உதவியாளரோ, அறிந்த செவிலியரோ இடையில் நின்று மொழிபெயர்ப்பர். இப்பணிக்கு ஊதியம் இல்லை; பயிற்சி இல்லை; பணியாளர் பட்டியலில் இப்படியொரு பதவியும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் ஊன்றி நோக்க வேண்டிய சிக்கல் ஒன்று இங்கு எழுகின்றது. மனச்சிதைவு நோயில் நோயாளி சொல்லும் செய்தி மட்டுமன்றி, அவர் சொல்லும் முறையும் நோய்க்குறியாகும். ஒரு கருத்திலிருந்து தொடர்பற்ற மற்றொன்றுக்குத் தாவுதல், புதுச்சொற்களைப் படைத்தல், வினாவுக்கு அயலான விடை கூறுதல், ஓசை ஒப்புமையால் சொற்களைத் தொடுத்தல் போன்றவற்றை மருத்துவர் குறித்துக்கொள்வர். நல்ல மொழிபெயர்ப்பாளரின் இயல்போ சிதைந்த தொடரைச் செப்பனிட்டுப் பொருள்படுத்தித் தருவதாகும். அவ்வாறு தரும்போது நோய்க்குறி மறைந்துவிடுகின்றது. உறவினர் மொழிபெயர்க்கும்போது வேறு வகையில் இழப்பு நேர்கின்றது. பத்து நிமிடப் பேச்சு ‘ஏதேதோ உளறுகிறான்’ என்னும் ஒரு தொடராகச் சுருங்கும். முன்னது மிகைச் செம்மை, பின்னது மிகைச் சுருக்கம். இரண்டிலும் மருத்துவர் நோயாளியைக் கேட்டவர் ஆகார். மற்றத் துறைகளில் மொழிபெயர்ப்புக் குறை ஓர் இடையூறு. இத்துறையில் அது நோயறிதலையே பிறழச் செய்யும்.

ஆய்வுத்துறை இதனை முன்னரே உணர்ந்தது. 1960களின் இறுதியில் உலக நலவாழ்வு நிறுவனம் மனச்சிதைவு நோய் பற்றி ஒன்பது நாடுகளில் நடத்திய முன்னோடி ஆய்வின் மையங்களுள் ஆக்ராவும் ஒன்று. நேர்காணல் வினாநிரல் இந்தியில் பெயர்க்கப்பட்டு, மீண்டும் ஆங்கிலத்திற்குப் பெயர்த்து ஒப்புநோக்கப்பட்டது. வினாநிரலுக்குக் காட்டிய இக்கவனம் பணியாளரைத் திட்டமிடுவோர்க்கு வந்து சேரவில்லை. ஆய்வுக்கு மொழிபெயர்ப்பு ஒரு முறையியல்; மருத்துவமனைக்கு அது ஒரு தற்செயல் உதவி என்ற நிலையே நீடித்தது.

பல்லாரி

1970களில் சிந்தனை திரும்பியது. வல்லுநரை மட்டும் நம்பினால் ஊர்ப்புற மக்களுக்கு ஒரு நூற்றாண்டு கழிந்தும் உதவி எட்டாது என்பது தெளிவாயிற்று. அடிப்படை மனநலப் பராமரிப்பைப் பொது நலவாழ்வுப் பணியாளரே செய்யலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 1975இல் கூறியது. அதே காலத்தில் சண்டிகரை அடுத்த ராய்ப்பூர் ராணியிலும், பெங்களூரை அடுத்த சகலவாராவிலும் இதற்கான சோதனைகள் நடந்தன. 1973இல் கர்த்தார் சிங் குழு பரிந்துரைத்த பல்நோக்குப் பணியாளர் என்னும் புதிய பிரிவினர் ஊர்தோறும் செல்லத் தொடங்கியிருந்தமை இதற்கு வாய்ப்பாயிற்று. 1982 ஆகஸ்டில் தேசிய மனநலத் திட்டம் ஏற்கப்பட்டது.

இதனை ஒரு மாவட்டம் முழுவதும் செய்துபார்த்த இடம் கருநாடக மாநிலத்துப் பல்லாரி. 1985 முதல் அங்கு ஆரம்ப நலவாழ்வு நிலைய மருத்துவரும் பல்நோக்குப் பணியாளரும் குறுகிய காலப் பயிற்சி பெற்றனர். கடும் மனநோய், வலிப்பு, மனச்சோர்வு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு போன்ற சிலவற்றை மட்டும் இனங்காணவும், சில மருந்துகளை மட்டும் கையாளவும் அவர்கள் கற்றனர்.

பல்லாரியைத் தேர்ந்தமை மொழிநோக்கில் பொருள் பொதிந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது மொழியின் பெயரால் பங்கிடப்பட்ட மாவட்டம் அது. ஆதோனி, ஆலூர், ராயதுர்க்கம் ஆகிய வட்டங்கள் ஆந்திரம் சென்றன. எஞ்சியது மைசூரோடு இணைந்தது. பிரிவினைக்குப் பின்னும் அங்குக் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்குகின்றன. உருதும் இலம்பாடியும் உடன் வழங்குகின்றன. பெங்களூரில் ஆங்கிலவழி பயின்ற வல்லுநருக்கு இது இடர்ப்பாடு. அவ்வூரிலேயே பிறந்து பணிபுரியும் செவிலியருக்கு இஃது இயல்பான சூழல். பல்லாரித் திட்டத்தைச் செலவுச் சிக்கனம் கருதிய ஏற்பாடு என்றே பலரும் விளக்குவர். இக்கட்டுரையாளர் கருத்தில் அது மொழிச் சிக்கலுக்கும் கிடைத்த தீர்வாகும். அத்தீர்வைத் திட்டமிட்டோர் மொழித் தீர்வென்று பெயரிட்டு அழைக்கவில்லை, அவ்வளவே.

ஊர்ப் பணியாளரைப் பயிற்றும்போது கலைச்சொற்கள் உதவா. ‘மனச்சோர்வு’ என்று ஏட்டில் எழுதிக் கொடுக்கலாம். நோயாளி அச்சொல்லைக் கூறி வருவதில்லை. தமிழகத்தில் அவர் ‘வயித்தைப் பிசையுது’ என்பார். ‘நெஞ்சு படபடங்குது’, ‘ஒண்ணுமே பிடிக்கலே’, ‘உடம்பெல்லாம் எரியுது’ என்பார். கேட்பவர் வயிற்றுவலி என்று குறித்துக்கொண்டு மாத்திரை தந்தனுப்பினால் மொழிபெயர்ப்புப் பிழை நிகழ்ந்துவிட்டது. ஒரே மொழிக்குள் நிகழ்ந்தது என்பதே வேறுபாடு. ஆகவே உறக்கம் கெடுதல், உணவை வெறுத்தல், தனியே பேசுதல், சிரித்தல், வீட்டைவிட்டு அலைதல் போன்று கண்ணாற் காண்பனவும் வீட்டார் சொல்வனவுமாகிய குறிகளைக் கொண்டு கையேடுகள் அமைந்தன. நோய்ப்பெயரைத் தவிர்த்து நடத்தையை விவரிக்கும் இவ்வுரைநடை கலைச்சொல்லாக்கக் குழுக்களின் கவனத்தைப் பெறவில்லை. பெற்றிருக்க வேண்டும். நிம்ஹான்ஸ் மருத்துவர் சி. ஆர். சந்திரசேகர் பொதுமக்களுக்காகக் கன்னடத்தில் எழுதிய எண்ணற்ற மனநல நூல்களும் இம்மரபையே சார்ந்தவை.

1996இல் பல்லாரி முன்மாதிரியைப் பின்பற்றி மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அன்றைய ஆந்திரத்து மேதக், அசாமின் நகாவ், இராசத்தானின் சீகர், தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி ஆகியவை அவை. நான்கும் நான்கு மொழிச்சூழல்கள். சீகரில் வீட்டு மொழி சேகாவாட்டி; பாடநூல் மொழி இந்தி. ஒன்பதாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மாவட்டங்கள் 27 ஆயின. பின்னர் நூற்றைக் கடந்தன. மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் அடங்கிய ஒரு குழு மாவட்டந்தோறும் வேண்டும் என்பது விதி. ஆள் கிடைக்காமல் பதவிகள் வெறுமையாக நின்றன. ஒப்பந்த அடிப்படையில் வந்தோர் நெடுநாள் தங்கவில்லை.

பட்டமும் இலக்கும்

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. தருகாவை நாடி நோயாளிகளைக் கொண்டுவந்த குடும்பங்களுக்கு அருகில் மருத்துவம் இல்லாமையும், பணியாளர் பற்றாக்குறையும் நாடறியப் பேசப்பட்டன.

பதினோராம் திட்டக் காலத்தில், 2009 அளவில், மனிதவள மேம்பாட்டுத் திட்டம் உருவாயிற்று. சில நிறுவனங்களை உயர்சிறப்பு மையங்களாக்குதல், அரசு நிறுவனங்களில் முதுநிலைத் துறைகளை வலுப்படுத்துதல் என்று இது இரு கிளைகளாக அமைந்தது. ஆண்டுதோறும் 104 மனநல மருத்துவர், 416 மருத்துவ உளவியலாளர், 416 மனநலச் சமூகப் பணியாளர், 820 மனநலச் செவிலியர் புதிதாக உருவாவர் என்று எதிர்பார்க்கப்பட்டது. மருத்துவர் ஒருவருக்கு உளவியலாளர் நால்வர், சமூகப் பணியாளர் நால்வர் என்னும் விகிதம் 1946ஆம் ஆண்டின் ‘துணைப் பணியாளர்’ கருத்தைத் தலைகீழாக்குவது. பேச்சே பணியாக உடையோர் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றனர். ஆயினும் இலக்கு எண்கள் பதவிவாரியாகவே அமைந்தன, மொழிவாரியாக அமையவில்லை. 416 உளவியலாளருள் சந்தாலி அறிந்தவர் எத்துணையர், கோண்டி அறிந்தவர் எத்துணையர் என்னும் வினா எழவில்லை.

எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் இடைவெளி பெரிது. நாடு முழுவதும் 3,800 மனநல மருத்துவர், 898 மருத்துவ உளவியலாளர், 850 மனநலச் சமூகப் பணியாளர், 1,500 மனநலச் செவிலியரே உள்ளனர் என்று 2015 டிசம்பரில் நலவாழ்வு அமைச்சகம் மக்களவையில் தெரிவித்தது. 2015-16இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, இலட்சம் பேருக்கு மனநல மருத்துவர் கேரளத்தில் 1.2, மத்தியப் பிரதேசத்தில் 0.05. வயதுவந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு உடையோர் என்றும் அவ்வாய்வு கண்டது. மிகுதி உள்ள மாநிலத்து மருத்துவரைக் குறை உள்ள மாநிலத்திற்கு அனுப்பலாமே என்று எண்கள் நம்மைத் தூண்டும். திருவனந்தபுரத்து மருத்துவர் மண்டலா மாவட்டத்துக் கோண்டி நோயாளியின் எதிரில் அமரும்போது, அப்பட்டியலில் ஒரு மருத்துவர் கூடியிருப்பார், உரையாடல் தொடங்கியிராது.

இடம்பெயரும் நோயாளிக்கும் இதே நிலைதான். அலைந்து திரிந்து வேற்று மாநில மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், தம் மொழி அறிந்தார் ஒருவரும் இன்மையால் ஊர்ப்பெயரைக்கூடப் புரியவைக்க இயலாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுவதுண்டு. நோய் தணிந்த பின்னும் அவர் நோயாளியாகவே எண்ணப்படுவார். அவ்வட்டாரப் பேச்சை அறிந்த ஒருவர் ஒரு மாலைப்பொழுது உடனிருந்தால் தீரக்கூடிய சிக்கல் அது.

சட்டம் கேட்கும் மொழி

2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் இரு வேறு பிரிவுகளில் இரு கடமைகளை விதிக்கின்றது. நான்காம் பிரிவின்படி, நோயாளி முடிவெடுப்பதற்கு வேண்டிய செய்திகளை அவர் புரிந்துகொள்ளும் எளிய மொழியிலோ சைகை மொழியிலோ படங்கள் முதலிய வேறு வழியிலோ தரவேண்டும். முப்பத்தொன்றாம் பிரிவின்படி, உயர்கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து பயிற்சித் திட்டங்களை வகுத்து அரசு பணியாளர் தேவையை நிறைவு செய்தல் வேண்டும். பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட விகிதத்தைப் பத்தாண்டுக்குள் எட்ட முயலுதல் வேண்டும். அப்பத்தாண்டு 2028 மே மாதத்தில் முடிகின்றது. முதற்கடமை மொழி பற்றியது. இரண்டாவது எண்ணிக்கை பற்றியது. ஒன்றை நிறைவேற்ற மற்றது கருவியாக வேண்டும் என்று இணைத்துக் காட்டும் தொடர் சட்டத்தில் இல்லை. நான்காம் பிரிவு கூறும் எளிய மொழியை யார் ஆக்கித் தருவர் என்பதும் சொல்லப்படவில்லை.

2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையில்தான் மொழி திட்டத்தின் கட்டமைப்புக்குள் தெளிவாக நுழைந்தது. 14416 என்னும் எண்ணை அழைப்பவர் தம் மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். 20 மொழிகளில் ஆலோசகர் பேசுகின்றனர். ஒரு மொழியை அறிவித்தால் அம்மொழி பேசும் ஆலோசகரை அமர்த்தியாக வேண்டும். மொழியே இங்குப் பணியிடத்தை உருவாக்குகின்றது. இருபதுக்கு அப்பாலுள்ள மொழியினர் நிலை வேறு. நீலகிரியில் படகமொழி பேசும் முதியவர் தமிழையே தேர்ந்தெடுப்பார். தம் துயரை இரண்டாம் மொழியில் கூறுவார்.

ஆலோசகர் என்னும் சொல்லும் இன்னும் நிலைபெறவில்லை. தமிழகத்தில் ‘ஆலோசனை’ பொதுவழக்கு. வழக்கறிஞருக்கும் அதுவே, கணக்காய்வாளருக்கும் அதுவே. ‘ஆற்றுப்படுத்துதல்’ என்பாரும் உளர். பரிசில் பெற்ற பாணன் பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்தும் பழைய துறைப்பெயர் அது. வழிகாட்டுதலும் ஆற்றுவித்தலும் ஒருசேர அதில் ஒலிக்கின்றன. இலங்கைத் தமிழர் ‘உளவளத்துணை’ என்பர். அறிவுரை கூறுபவர், வழிப்படுத்துபவர், துணைநிற்பவர் என்று மூன்று சொல்லும் மூன்று பணிகளைச் சுட்டுகின்றன. பயிற்சி நூலின் தலைப்பில் எச்சொல் நிற்கின்றதோ அப்பணியையே பயில்பவர் தம் பணியாகக் கொள்வர்.

சட்டத்தின் ஐந்தாம் பிரிவு மற்றொரு புதுமையைக் கொணர்ந்துள்ளது. தமக்குப் பின்னாளில் மனநோய் நேர்ந்தால் எவ்வகை மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்று ஒருவர் முன்னரே எழுதிவைக்கலாம். இவ்வாவணத்தை முன் அறிவுறுத்தல் என்பதா, முன்விருப்ப ஆவணம் என்பதா? முன்னது மருத்துவருக்கு இடும் கட்டளை போல் ஒலிக்கும். பின்னது வேண்டுகோள் போல் ஒலிக்கும். சட்டத்தின் நோக்கம் முன்னதையே சார்ந்தது. விருப்பம் என்று மட்டும் பெயர்த்துப் படிவம் அச்சிட்டால், எழுதியவருக்குச் சட்டம் தந்த உரிமையில் ஒரு பகுதியை மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொண்டவர் ஆவார். அப்படிவத்தை நோயாளியின் கையில் கொடுத்து விளக்க வேண்டியவர் மாவட்டக் குழுவின் சமூகப் பணியாளர். அவருக்கான பயிற்சிப் பாடத்தில் இவ்விரு சொற்களின் வேறுபாட்டுக்கு ஒரு வகுப்பு ஒதுக்குவது மிகையாகாது.